'இங்கதானே இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்!' - சென்னைக்காரர்கள் சென்னையைப் பார்க்காதது ஏன்?

கோயம்புத்தூரிலிருந்து அத்தை குடும்பம் மூன்று நாள் பயணமாக சென்னைக்கு வருகிறது. வந்து இறங்கியதுமே அத்தை மகன் கேட்கிறான்: "அண்ணா, மெரினா லைட்ஹவுஸ் மேல ஏற விடுறாங்களாமே, நல்லா இருக்குமா?" எட்டு வருடமாக வேளச்சேரியில் குடியிருக்கும் அண்ணன் லேசாக அசடு வழிகிறார். "விடுறாங்களா என்ன? இரு, கூகுள்ல பாக்கறேன்."

விடுகிறார்கள். 2013 நவம்பரிலிருந்தே விடுகிறார்கள். 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு பாதுகாப்பு கருதி பார்வையாளர்களுக்கு மூடப்பட்ட கோபுரம் அது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மறுபடி திறந்தார்கள். மூச்சு வாங்க ஏற வேண்டியதில்லை, லிஃப்ட் இருக்கிறது. பறக்கும் ரயிலில் 'கலங்கரை விளக்கம்' என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷனும் இருக்கிறது. அந்த போர்டைப் பார்த்தபடியே தினமும் ஆபீஸ் போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "ஒருநாள் போகணும் பாஸ்" என்பதுதான் பதிலாக வரும்.

அந்த ஒருநாள் ஏன் வருவதே இல்லை? 'சோம்பேறித்தனம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, இந்த இடங்கள் யாருக்காக, எந்த நேரத்தில் திறந்து வைக்கப்படுகின்றன என்பதில் இருக்கிறது.

நல்ல விஷயத்தையும் தள்ளிப்போடுவோம்

கரன்ட் பில், டாக்டர் செக்கப், வருமான வரிக் கணக்கு... இதையெல்லாம் கடைசி நாள் வரை இழுத்தடிப்பது நமக்குத் தெரிந்ததுதான். பிடிக்காத வேலை, தள்ளிப்போடுகிறோம். ஆனால் பிடித்த விஷயத்தையும் மனிதர்கள் அதே மாதிரி தள்ளிப்போடுகிறார்கள் என்று சூசன் ஷூ, அயலெட் க்னீஸி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிகாகோ, டல்லஸ், லண்டன் நகரங்களில் குடியிருப்பவர்களையும் அங்கே சில வாரங்களுக்குச் சுற்றுலா வந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஊரின் முக்கியமான இடங்களை அதிகம் பார்த்திருந்தது, வந்து போனவர்கள்தான். உள்ளூர்க்காரர்களோ, வேறு ஊருக்கு வீடு மாற்றிப் போகும் சமயத்தில்தான் விட்டுப்போன இடங்களையெல்லாம் அவசர அவசரமாகப் பார்த்திருந்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு பரிசோதனையும் உண்டு. ஒரு பேக்கரியில் கேக்கும் காபியும் வாங்கிக்கொள்ள கூப்பன் கொடுத்தார்கள். ஒரு குழுவினருக்கு மூன்று வாரக் கெடு, இன்னொரு குழுவினருக்கு இரண்டு மாதக் கெடு. "நேரம் நிறைய இருந்தா நிச்சயம் போவோம்" என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். மூன்று வாரக் கெடு இருந்தவர்களில் 31 சதவீதம் பேர் கூப்பனைப் பயன்படுத்தினார்கள். இரண்டு மாதம் இருந்தவர்களில் வெறும் 6 சதவீதம்.

சென்னையில் வீடு இருப்பவருக்கு எழும்பூர் அருங்காட்சியகம் என்பது காலாவதி தேதியே இல்லாத கூப்பன். அதனால்தான் அது பர்ஸிலேயே கிடக்கிறது. சொந்தக்காரர் வந்தால்தான், அவருடைய ரிட்டர்ன் டிக்கெட் நமக்கும் கெடுவாக மாறுகிறது.

இதில் ஐடி வேலைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் ஊரை விட்டு ஓடுவதுதான் 'லீவு' என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெருங்களத்தூர் தாண்டி நிற்கும் வண்டிகளின் வரிசையே அதற்குச் சாட்சி. புதுச்சேரி போகிறவர்கள் ஈசிஆரில் மாமல்லபுரத்தைக் கடந்துதான் போகிறார்கள். 1984-லேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் அது. பலருக்கு அது டீ குடிக்க நிறுத்தும் இடம்.

எந்தக் கிழமை எது லீவு?

சரி, ஒருவர் மனசு வைத்துக் கிளம்பிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த சிக்கல் கேட்டில் நிற்கிறது.

திங்கட்கிழமை கலங்கரை விளக்கம் லீவு, ஈசிஆர் முதலைப் பண்ணையும் லீவு. செவ்வாய்க்கிழமை வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி பாம்புப் பண்ணை, முட்டுக்காடு தட்சிணசித்ரா மூன்றுமே லீவு. வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் லீவு. ஆலமரத்துக்குப் பெயர்போன அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. வார நாள் முழுக்க வேலை பார்ப்பவருக்கு எது கிடைக்குமோ அந்த ஞாயிறு! பல ஆண்டுகளாக நகரில் இருப்பவர்களுக்கே இந்த அட்டவணை மனப்பாடம் கிடையாது. மூடிய கேட்டைப் பார்த்துத் திரும்பிய ஒரு அனுபவம் போதும், அடுத்த தடவை "மாலுக்கே போயிடலாம்" என்று மனசு முடிவெடுத்துவிடும்.

வார லீவு நாள் என்பது எந்த நிறுவனத்துக்கும் தேவைதான். மிருகங்களுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும், ஊழியர்களுக்கும் வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது. உண்மையான பிரச்னை, திறந்திருக்கும் நாளில் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பது. பெரும்பாலான இடங்களில் காலை ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிடுகிறது. அதாவது அரசு அலுவலக நேரம். ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருபவருக்கு இந்த நகரம் வைத்திருப்பது கடற்கரை, கோயில், சினிமா, மால், ஹோட்டல். மியூசியம் கிடையாது.

வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வெளியே நடமாட உகந்த நேரம் விடிகாலையும் அந்தி சாய்ந்த பிறகும்தான். உச்சி வெயில் நேரத்துக்கு மட்டும் திறந்து வைத்துவிட்டு, 'உள்ளூர் ஜனங்களுக்கு ஆர்வமே இல்லை' என்று சொன்னால் எப்படி? வண்டலூர் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். மே மாதம் மதியம் ஒரு மணிக்குக் கைக்குழந்தையோடு அதைச் சுற்றச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று, ஆந்திராவின் அமராவதியிலிருந்து கொண்டுவரப்பட்ட பௌத்தச் சிற்பங்கள். அதே அமராவதி ஸ்தூபியின் இன்னொரு பங்கு ஆங்கிலேயர் காலத்தில் கப்பலேறி லண்டனுக்குப் போய், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரை திறந்திருக்கும், வேலை முடிந்து வருபவர்கள் வரட்டும் என்று. எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை வார லீவு.

இந்தியாவிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2019-ல் டெல்லி ஹுமாயூன் கல்லறை உள்ளிட்ட 10 நினைவுச் சின்னங்களின் நேரத்தை இரவு 9 மணி வரை மத்திய அரசு நீட்டித்தது. விளக்கும் காவலும் கூடுதல் ஆட்களும் இருந்தால் செய்யக்கூடிய காரியம்தான் இது.

'டூரிஸ்ட்' என்றால் யார்?

நேரத்தை மாற்ற ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? இதற்கான விடை ஒரு அரசாங்க வரையறையில் ஒளிந்திருக்கிறது.

உள்நாட்டு சுற்றுலாப் பயணி என்று மத்திய சுற்றுலா அமைச்சகம் யாரைக் கணக்கிடுகிறது தெரியுமா? தான் வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டு இன்னொரு இடத்துக்குப் போய், அங்கே ஹோட்டலிலோ, தர்மசாலையிலோ, சத்திரத்திலோ குறைந்தது ஓர் இரவாவது தங்குபவரைத்தான். இந்தக் கணக்கில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. 2022-ல் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம், கிட்டத்தட்ட 22 கோடி வருகைகள். அதில் பெரும்பகுதி கோயில் ஊர்களுக்கு வருபவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த வரையறைப்படி, தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, அருங்காட்சியகத்தில் நாலு மணி நேரம் செலவழித்துவிட்டு இரவு சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்புகிறவர் சுற்றுலாப் பயணியே இல்லை. அவர் ரூம் போடவில்லையே! தொல்லியல் துறையின் டிக்கெட் கவுன்டரிலும் பிரதானமாக இரண்டே வகைதான்: இந்தியர், வெளிநாட்டவர். மாமல்லபுரத்தில் கேளம்பாக்கம்காரருக்கும் ஜெய்ப்பூர்க்காரருக்கும் ஒரே டிக்கெட், ஒரே கணக்கு. உள்ளூர்க்காரர் எத்தனை பேர் வந்தார்கள், எந்த நேரத்தில் வந்தார்கள், திரும்ப வந்தார்களா என்பதெல்லாம் இந்தச் சீட்டில் பதிவாகாது.

கணக்கில் வராதவருக்காக யாரும் திட்டம் போட மாட்டார்கள். சுற்றுலா என்றால் ரிசார்ட், பேக்கேஜ், வெளிநாட்டு வருகை, அந்நியச் செலாவணி என்றே பேச்சு போகும். குடிதண்ணீர், சுத்தமான டாய்லெட், உட்கார ஒரு நிழல், சாயங்காலம் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கும் கதவு... உள்ளூர்க்காரருக்கு வேண்டியது இதுதான். வாழ்க்கையில் ஒரே தடவை வருபவர் டாய்லெட் மோசமாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார். மாதம் ஒருமுறை வரக்கூடியவர் அடுத்த மாதம் வர மாட்டார். பெண்கள், குழந்தைகளோடு வருபவர்கள், வயதானவர்கள் விஷயத்தில் இது இன்னும் கறார்.

உள்ளூர்க்காரரையே டூரிஸ்டாக மாற்றிக் காட்டிய ஊரும் உண்டு. கொரோனாவால் விமானங்கள் நின்றுபோன 2020-ல், சிங்கப்பூர் அரசு 18 வயதைத் தாண்டிய தன் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி மதிப்புள்ள சுற்றுலா வவுச்சர் கொடுத்தது. சொந்த ஊரின் ஹோட்டல், பூங்கா, வழிகாட்டியோடு நடக்கும் சுற்றுலா ஆகியவற்றில் மட்டுமே செலவழிக்கலாம். அந்த வவுச்சருக்கு ஒரு கடைசித் தேதியும் இருந்தது. முதலில் 2021 ஜூன், பிறகு டிசம்பர் வரை நீட்டித்தார்கள். பேக்கரி கூப்பன் ஞாபகம் வருகிறதா? 2013-லிருந்தே சிங்கப்பூர் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்குள்ள தேசிய அருங்காட்சியகங்களில் பொது அனுமதி இலவசம். வெளிநாட்டுப் பயணி டிக்கெட் வாங்க வேண்டும்.

சென்னையில் டிக்கெட் விலை ஒரு தடையே அல்ல என்றும் சொல்லிவிட முடியாது. எழும்பூர் மாதிரி இடங்களில் அது மல்டிபிளெக்ஸ் பாப்கார்னில் கால்வாசிகூட வராது, உண்மைதான். ஆனால் நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட், ஆட்டோ, பார்க்கிங், கேமராக் கட்டணம், சாப்பாடு என்று சேர்த்துப் பார்த்தால் மாதச் சம்பளக்காரருக்கே கை கடிக்கும் இடங்களும் இருக்கின்றன. தினக்கூலிக்கு ஒரு நாள் போனால் அந்த நாள் கூலியும் போச்சு. 'ஓய்வு நேரம்' எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்களுக்கு பிரியாணி கொண்டுவந்து தருபவருக்கு ஞாயிறு என்பதே பீக் ஹவர்.

காணும் பொங்கல் சொல்லும் செய்தி

உண்மையில், சொந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் நம்மிடம் இருக்கிறது. அரசு காலண்டரில் உழவர் திருநாள், மக்கள் வாயில் காணும் பொங்கல். பெரியவர்களைக் கண்டு ஆசி வாங்கும் நாள். சென்னையில் அது கட்டுச்சோறும் பாயும் எடுத்துக்கொண்டு மெரினா, வண்டலூர், கிண்டி, மாமல்லபுரம் என்று கிளம்பும் நாளாகவும் ஆகிவிட்டது. அன்று மெரினாவில் கால் வைக்க இடமிருக்காது. கடலில் இறங்காதபடி தடுப்பு கட்டுவார்கள். தொலைந்துபோனால் கண்டுபிடிக்க, குழந்தைகள் கையில் பெற்றோரின் செல்போன் நம்பர் எழுதிய பட்டையைப் போலீஸாரே கட்டிவிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று கவனித்தால் ஒரு விஷயம் புரியும். வடசென்னையிலிருந்தும் புறநகரிலிருந்தும் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்தும் வரும் உழைக்கும் குடும்பங்கள். ஓஎம்ஆர் அபார்ட்மென்ட்களிலிருந்து வருபவர்கள் குறைவு. "அந்தக் கூட்டத்துலயா? வேணாம்பா" என்பதுதான் அங்கே கேட்கும் குரல். மறுநாள் கடற்கரையில் குவிந்த குப்பை போட்டோவை ஷேர் செய்து 'சிவிக் சென்ஸ் இல்லை' என்று எழுதுவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான். குப்பை போடுவது தப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் சொந்த நகரத்தை இன்னும் 'காணும்' பழக்கத்தை விடாமல் வைத்திருப்பவர்கள் யார் என்ற கேள்விக்கு, அந்த போட்டோவும் ஒரு பதில்தான்.

ஒரு நாளைக்கு இத்தனை கூட்டம் வருகிறது என்றால் ஆர்வம் இல்லை என்று சொல்ல முடியாது. லீவும் துணையும் போக்குவரத்தும் சேர்ந்து கிடைத்தால் ஜனங்கள் வருகிறார்கள். மீதி 364 நாளும் அந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பதில்லை.

பார்க்காவிட்டால் என்ன குறைந்துவிடும்?

"மியூசியம் பாக்கலைன்னா என்ன, சோறு கிடைக்காதா?" நியாயமான கேள்விதான்.

அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று ஒன்று இருக்கிறது. 1897-ல் கட்டியது. கோபுரமும் மினாரும் வளைவுமாக, தீப்பெட்டிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு கல்யாணச் சத்திரக் களையோடு நிற்கும். 2006-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் அமைப்பு நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. கட்டடம் பாழடைந்து கிடந்தாலும் விழாமல் நிற்பது அதனால்தான். அந்தத் தடை தானாக வந்துவிடவில்லை. 'இது இன்ன கட்டடம், இன்ன வருடம் கட்டியது, இதில் இன்ன சிறப்பு' என்று தெரிந்த சில பேர் ஊரில் இருந்தார்கள். தெரியாத கட்டடத்துக்காக யாரும் கேஸ் போட மாட்டார்கள்.

பத்திரிகையாளர் எஸ்.முத்தையா போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதி எழுதி உருவாக்கிய பழக்கம் அது. 2004-ல் அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து தொடங்கிய 'மெட்ராஸ் டே', இன்று ஆகஸ்ட் மாதம் வந்தால் மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் தெருக்களில் விடிகாலை ஆறு மணிக்குக் கேமராவும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம் நடக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அந்த நடைகளுக்கு வருபவர்களில் இருபதுகளில் இருப்பவர்களும் நிறைய. இன்ஸ்டா ரீலுக்காகத்தான் வருகிறார்கள் என்று சிலர் கிண்டல் செய்வதுண்டு. ரீலுக்காக வந்தால்தான் என்ன? வந்து பார்த்தவர் பார்த்தவர்தானே.

கட்டடத்தை விடப் பெரிய உதாரணம் பள்ளிக்கரணை. ஓஎம்ஆரில் கண்ணாடிக் கட்டடத்தின் பத்தாவது மாடியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு, காபி மெஷின் பக்கத்து ஜன்னலில் தெரியும் பச்சையும் தண்ணீரும் அதுதான். ஒரு காலத்தில் பல ஆயிரம் ஹெக்டேர் விரிந்து கிடந்த சதுப்பு நிலம். குப்பைக் கிடங்கு, சாலை, ரயில் பாதை, அலுவலகங்கள், அபார்ட்மென்ட்கள் என்று நாலாபுறமும் தின்றது போக எஞ்சியதுதான் இன்றைக்கு இருப்பது. 2022-ல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டை ஒட்டி 2021-ல் சூழல் பூங்கா ஒன்றும் திறந்தார்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். நூற்றுக்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன.

தென்சென்னையில் பெய்யும் மழைநீரில் பெரும்பகுதி அங்கே போய்த்தான் கடலைச் சேருகிறது. சதுப்பு நிலம் சுருங்கினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பதை 2015 டிசம்பரில் வேளச்சேரியும் மடிப்பாக்கமும் பார்த்தன. டிசம்பர் மாத விடிகாலையில் ஒருமுறை அங்கே நின்று, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தவர், அடுத்து ஃபிளாட் புக் செய்யும்போது புரோக்கரிடம் கேட்கும் கேள்வி மாறிவிடும். 'லேக் வியூ' என்ற வார்த்தைக்கு வேறு அர்த்தம் தெரிந்துவிடும். வீட்டுக் கடன் 20 வருடம் ஓடும் விஷயம், சும்மா இல்லை.

எங்கே தொடங்கலாம்?

'சென்னையில் பார்க்க வேண்டிய 50 இடங்கள்' பட்டியல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. உள்ளூர்க்காரருக்கு அந்தப் பட்டியல் உதவாது. அது ஒரே நாளில் ஆறு இடம் பார்த்தே ஆக வேண்டியவர்களுக்காக எழுதப்பட்டது. அப்படிப் பார்த்தால் ஆறில் ஒன்றும் மனதில் நிற்காது.

உள்ளூர்க்காரருக்கு இருக்கும் பெரிய வசதி, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம் என்பது. எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரே மூச்சில் பார்ப்பதைப் போல அசட்டுத்தனம் வேறு இல்லை. மூன்றாவது கட்டடத்திலேயே கால் கெஞ்சத் தொடங்கிவிடும். ஒரு சனிக்கிழமை செப்புத் திருமேனிகளை மட்டும் பார்க்கலாம். அங்கே இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரின் போட்டோக்களை பாரிஸில் இருந்தபடியே பார்த்துவிட்டு, பிரெஞ்சு சிற்பி ரோதான் மெய்மறந்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் சென்னைக்கு வந்ததே இல்லை. திருவாலங்காடு எங்கே இருக்கிறது? அரக்கோணம் லோக்கல் ரயில் நிற்கும் ஸ்டேஷன். இன்னொரு மாதம் அந்த ரயிலையே பிடிக்கலாம்.

கோட்டைக்குப் போக விரும்புபவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அது தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இயங்கும் வளாகம் என்பதால் வாசலில் சோதனை இருக்கும்; அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது. பெரும்பாலானவர்கள் அந்த போலீஸ் வண்டிகளைப் பார்த்தே 'நமக்கு அனுமதி இருக்காது' என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள். அனுமதி உண்டு. 1680-ல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம் உள்ளே இருக்கிறது. சுதந்திரம் கிடைத்த நாளில் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கிண்டி இன்னும் விசித்திரம். மெட்ரோவும் மேம்பாலமும் ஐஐடியும் சூழ்ந்த நடு நகரத்தில் 2.7 சதுர கிலோமீட்டரில் ஒரு தேசியப் பூங்கா. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. சர்தார் படேல் சாலையில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது, மதில் சுவருக்கு அந்தப்பக்கம் வெளிமான் மேய்ந்துகொண்டிருக்கலாம்.

வெகுதூரம் போக நேரமில்லை என்பவர்களுக்கு வேறொரு வழி: நீங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். பல்லாவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர், வெள்ளிக்கிழமைச் சந்தை, ஜிஎஸ்டி ரோட்டு டிராஃபிக்... இவ்வளவுதான் பலருக்கும் தெரியும். 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு செம்மண் குழியிலிருந்து செதுக்கிய கல் ஒன்றை எடுத்தார். பழைய கற்கால மனிதனின் கைக்கோடாரி. இந்திய நிலத்தில் அவ்வளவு பழைய மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் தடயம் அது. அதே ஆண்டு சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அந்த இடத்தின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிய படிப்பே தொடங்கியது நம் லோக்கல் ட்ரெயின் ரூட்டில் இருக்கும் ஓர் ஊரில்தான். ஃபுட் நாடு முழுக்கச் சுற்றிச் சேர்த்த கற்கருவிகளின் தொகுப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பல்லாவரத்தில் ஏறினால் எழும்பூரில் இறங்க ஒரே மின்சார ரயில், மாறவே வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். காலை ஒன்பதரைக்குப் போனால் கூட்டமும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் போய் நின்றுவிடாதீர்கள்.